வாலில் குட்டியோடு ஓர் அலுங்கு

பெப்ரவரி 5, திங்கள்

இன்று சொல்லாதது: காலை ஐந்து இருபதுக்கு, தேயிலைத் தோட்டத்து ஏழாம் நம்பர் மலைக்குக் கீழே குறுக்குப் பாதையில், எறும்பு தின்னும் அலுங்கு ஒன்றைப் பார்த்தேன்.

அம்மாவிடம் சொல்லவில்லை. மதினியிடமும் இல்லை. பஸ்ஸில், கடையில், யாரிடமும் இல்லை. இங்கே மட்டும்.

நல்ல பனி. கையில் டோர்ச். பாதையில் ஒரு கூடை கவிழ்ந்து கிடப்பதாக நினைத்தேன். கூடை நடந்தது. முன்னங்கால் நகங்களை உள்ளே மடித்துக்கொண்டு, புறங்கையை ஊன்றுவது போல ஒரு நடை. நீண்ட வால். வாலின் மேல் ஒரு குட்டி, குறுக்காக ஒட்டிக்கொண்டு. தாயின் செதில்கள் காய்ந்த தேயிலைக் கட்டையின் நிறம். குட்டியினுடையவை வெளிறி, கைக்குழந்தையின் நகம் மாதிரி.

ஒரு நிமிடம் இருக்குமா? என் மூச்சே எனக்குச் சத்தமாகக் கேட்டது. கறையான் புற்றுக்குப் பின்னால் ஒரு பொந்து. அதற்குள் போய்விட்டது. குட்டிக்கு வாசல் இடிக்காமல் வாலைத் தாழ்த்திக்கொண்டு போனது.

பஸ் போய்விட்டது. பதுளையில் நான் வேலை செய்யும் புத்தகக் கடை திறந்து அரை மணி கழித்துத்தான் போய்ச் சேர்ந்தேன். கொப்பிக் கட்டுகளுக்குப் பின்னால் நின்றுகொண்டு முதலாளியிடம் பஸ் பழுது என்றேன்.

ஏன் சொல்லவில்லை: அம்மா ஒரு மாதமாக அலுங்குச் செதில் தேடுகிறாள். மதினிக்கு எட்டாம் மாதம். அவளுடைய முதல் பிள்ளை பிறந்து ஒன்பதாம் நாள் போய்விட்டான். டொக்டர் இதயத்தில் குறை என்றார். எங்கள் லயத்து வீடுகளில், பறவை நிழல் பட்ட பட்சி தோஷம் என்றார்கள். அரைஞாண் கயிற்றில் அலுங்குச் செதிலைக் கோத்துக் கட்டினால் பிள்ளையை எதுவும் அண்டாது என்று எல்லாரும் சொல்கிறார்கள். பக்கத்துக் காம்பரா வீட்டு மணியம் மாமாவிடம் அம்மா சொல்லி வைத்திருக்கிறாள். அவரிடம் சுருக்குக் கம்பி இருக்கிறது.

செதில் சும்மா கிடைக்காது. அது சாக வேண்டும்.


பெப்ரவரி 7, புதன்

வெயில். கடையில் கூட்டமில்லை.

வாங்கியது: மண்நிற நூல் நான்கு உருண்டை, வெளிர் நிறத்தில் ஒன்று. 3 மி.மீ. கொக்கி ஊசி இருக்கிறது. பஞ்சுக்குப் பழைய தலையணை. கண்ணுக்குக் கறுப்பு மணி நான்கு.

சொல்ல முடியாததைப் பின்னிவிடலாம் என்று பட்டது. மாதிரிப் படம் எதுவும் இல்லை. பார்த்த ஒரு நிமிடம்தான் மாதிரி.

பஸ்ஸிலேயே தொடக்கம். ஆறு கண்ணி. அடுத்த சுற்று பன்னிரண்டு. பிறகு பதினெட்டு. கூட்டிக்கொண்டே போனால் விரிகிறது. கூட்டாமல் விட்டால் சுவர் மாதிரி எழும்புகிறது. குறைத்தால் மூடிக்கொள்கிறது. இவ்வளவுதான் விதி. இந்த மூன்றை வைத்து ஒரு வயிறு வந்துவிடுகிறது. எத்தனை முறை செய்தாலும் எனக்கு இது பழகவில்லை. ஒற்றை நூல், வெட்டு இல்லை, ஒட்டு இல்லை, திடீரென்று உள்ளே இடம்.

வீட்டில் மதினி எட்டிப் பார்த்தாள். கையை இடுப்பில் ஊன்றித்தான் இப்போது நிற்கிறாள்.

“என்னா அது? வெலிமட உருளக்கெழங்கா?”

“இன்னும் தெரியல மதினி.”

“தெரியாமயா இவ்ளோ பின்னியிருக்க?”

யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பிறக்காத பிள்ளைக்கு முன்கூட்டி எதுவும் வாங்கக்கூடாது, செய்யக்கூடாது. போன முறை அண்ணன் கொழும்பிலிருந்து தொட்டில் வாங்கி அனுப்பியிருந்தான்.


பெப்ரவரி 10, சனி

செதில்கள். ஒவ்வொன்றும் தனி. ஐந்து சங்கிலி போட்டு, திரும்பி வந்து, நுனியைக் கூராக்க வேண்டும். போகப் போக இரண்டு நிமிடத்துக்கு ஒன்று. நாற்பத்தொன்று முடிந்தது. இன்னும் எத்தனை என்று தெரியாது. அதன் உடம்பில் எத்தனை இருந்திருக்கும்? ஒன்றுகூட வரிசை தப்பவில்லை. யாரும் எண்ணிக் கொடுக்காமல் அது எப்படி?

மத்தியானம் மதினி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். செதில் ஒன்றை விரலில் மாட்டிப் பார்த்தாள். உருவம் அவளுக்கும் இப்போது புரிந்துவிட்டது.

மெதுவாகச் சொன்னேன். “மதினி, அலுங்குச் செதிலும் நம்ம நகமும் ஒரே பொருள்தானாம். படிச்சேன்.”

“அப்ப என் நகத்த வெட்டி என் புள்ளைக்குக் கட்டிறவா?”

இருவரும் சிரித்தோம். சிரிப்பு நின்றதும் அவள் சொன்னாள்: “எனக்கும் முழுசா நம்பிக்க இல்லடி. ஆனா போன தடவ எதுவுமே கட்டல. கட்டியிருந்தா போயிருக்குமா போயிருக்காதான்னு தெரியாதுல்ல. அதத்தான் தாங்க முடியல.”



பொந்து இருக்கும் இடம் எனக்குத் தெரியும். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து செதில் பின்னிக்கொண்டிருந்தேன்.


பெப்ரவரி 11, ஞாயிறு

நேற்று அடித்த காற்றில் கூரையில் இரண்டு தகரம் கிளம்பிவிட்டது. மணியம் மாமா காலையிலேயே ஏணியோடு வந்தார்.

நான் வாசலில் உட்கார்ந்து செதில் தைத்தேன். தலையில் தொடங்கி வாலை நோக்கி. நான்கு வரிசை போனதும் ஏதோ சரியில்லை. தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் கை தட்டுகிறது. ஏன் என்று புரியவில்லை.

மேலே மாமா அம்மாவிடம் கத்திக்கொண்டிருந்தார். “கீழ் தகரத்த மொதல்ல குடு தங்கச்சி. கீழ இருந்துதான் மேல போகணும். மாத்திப் போட்டா மழ ஒன் வீட்டுக்கு விருந்துக்கு வந்துரும்.”

கையில் இருந்ததைப் பார்த்தேன். நான் போட்டது மாறிப்போன கூரை. மேல் வரிசையின் நுனி கீழ் வரிசைக்கு அடியில் மாட்டியிருந்தது. நான்கு வரிசையையும் பிரித்தேன். வால்நுனியிலிருந்து மறுபடி.

மாலைக்குள் பாதி முதுகு. வெளிர் நூலில் குட்டியை முன்பே முடித்திருந்தேன், என் உள்ளங்கை அளவு. வால் மேல் குறுக்காக வைத்துத் தைத்தேன். தடவிப் பார்த்தேன். கை வழுக்கிக்கொண்டு போனது. உண்மையில் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது, தொட்டதே இல்லை என்றாலும்.

மாமா இறங்கி வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே அதை எடுத்தார். திருப்பினார். சிரிக்கவில்லை.

“அலுங்கு. அச்சா இருக்கு. குட்டிய வால்ல போட்டுருக்க.”

“ம்.”

“நாப்பது வருசமா இந்த மலைல கெடக்குறேன், குட்டியோட ஒரு தடவதான் பாத்துருக்கேன். நீ எங்க பாத்த?”

“புத்தகத்துல மாமா.”

“மொகம் தரையப் பாத்து, வால் இத்தன தாழ்வா... படத்துல எல்லாம் சைடுலதானே நிப்பாட்டி வப்பாங்க.” பொம்மையை என் மடியில் வைத்தார். “நீ அஞ்சு மணிக்கு ஏழாம் நம்பர் பாதையிலதான பஸ்ஸுக்குப் போற?”

ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

வாயை மூடி வைத்திருந்தேன். கை சொல்லிவிட்டது.


பெப்ரவரி 13, செவ்வாய்

நேற்று எழுதவில்லை. பயம்.

இன்று கடையிலிருந்து வரும்போது மாமா எங்கள் காம்பராவில் இருந்தார். அம்மாவின் முகத்தில் வெளிச்சம். மதினி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“பொந்து கெடச்சிருச்சு தங்கச்சி. புத்துக்குப் பின்னால. சுருக்கு வச்சாச்சு. நாளைக்கு ஒனக்குச் செதில், எனக்குக் கறி.”

மாமா போனார். சட்டம், வழக்கு, உலகத்தில் எத்தனை மிச்சம் என்பதெல்லாம் வாய்வரை வந்தது. அம்மாவிடம் அதைச் சொல்லி ஆகப்போவதில்லை. பையிலிருந்து பொம்மையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். முதுகு முழுக்க முடிந்திருந்தது.

அம்மா முதுகைத் தடவினாள். தேயிலைக் கொழுந்துக் கறை ஏறிய விரல்கள். வால்வரை போய் நின்றன.

“இது என்னா, வால்ல?”

“குட்டி.”

“வெளையாட்டுக்கா?”

“இல்லம்மா. அப்பிடித்தான் சொமந்துக்கிட்டு போச்சு. நான் பாத்தேன். போன திங்கக்கெழம.”

எட்டு நாள் சொல்லாததைச் சொல்ல இவ்வளவு சிறிய வாக்கியம் போதுமானதாக இருந்தது.

மதினி கேட்டாள்: “பாத்தியா? பாத்துட்டா என் பக்கத்துல ஒக்காந்து பின்னிக்கிட்டு இருந்த?” பிறகு, “என் புள்ளைய விட அது பெருசாப் போச்சா ஒனக்கு?”

இல்லை என்றேன்.

அம்மா எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “குட்டியோட இருக்குறத அடிச்சு எடுத்த செதில ஒரு புள்ள இடுப்புல கட்டினா அது காவலா? அந்தத் தாயோட சாபம்ல அது?” எழுந்து மணியம் மாமாவின் கதவைத் தட்டப் போனாள்.

மாமாவின் குரல் கேட்டது. “நீதான தங்கச்சி கேட்ட!”

“கேட்டேன். இப்ப வேணாங்குறேன்.”

“இருட்டிப் போச்சு. பன்னி சுத்துற எடம். விடியட்டும், எடுத்துர்றேன்.”

மதினி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.


பெப்ரவரி 14, புதன்

கடைக்குப் போகவில்லை. இதை வரிசையாக எழுத வேண்டும்.

விடியக் கருக்கலில் மூவரும் போனோம். மாமா, அம்மா, நான். பனியில் புற்று தெரியவில்லை. மாமாதான் முதலில் நின்றார்.

சுருக்கில் அது இருந்தது.

பந்து. பெரிய பலாக்காய் அளவு. தலை இல்லை, கால் இல்லை, தொடக்கமும் இல்லை. கம்பி பந்துக்குள்ளே போயிருந்தது. மாமா குறட்டால், முளைக்குச்சியில் கட்டியிருந்த பக்கம் கம்பியை வெட்டினார். ஆனால் காலில் இருக்கும் வளையம் உள்ளே. அது விரிந்தால்தான் எடுக்க முடியும்.

“குட்டி எங்க?” என்றாள் அம்மா.

யாருக்கும் தெரியவில்லை.

காத்திருந்தோம். ஈரப் புல்லில் உட்கார்ந்தோம். கீழே காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் கூப்பிடும் சத்தம் கேட்டது. அம்மா அசையவில்லை. என் நினைவில் அம்மா பெரட்டுக்குப் பிந்தியது இல்லை.

பார்த்துக்கொண்டே இருந்தால் தெரிகிறது: செதில்கள் மூச்சு விடுகின்றன. எல்லாம் சேர்ந்து மெல்ல எழும்பித் தாழ்கின்றன. ஒவ்வொரு செதிலிலும் மெல்லிய கோடுகள். நான் பின்னியதில் கோடு இல்லை, மூச்சு இல்லை. ஒரு வாரம் அதைச் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இல்லை. அதன் முன்னால் தெரியாதவளாக இருப்பது நிம்மதியாக இருந்தது.

அம்மா கையை நீட்டி ஒரே ஒரு செதிலை, ஒரு விரலால் தொட்டாள். “சுடுது,” என்றாள்.

வெயில் ஏறியபோது பந்தில் ஒரு வெடிப்பு. ஒரு மூக்கு வந்தது. காற்றை முகர்ந்தது. அதற்குக் கீழே, தாயின் வயிற்றுக்கும் வாலுக்கும் நடுவிலிருந்து, இன்னொரு மூக்கு. சின்னது. ஈரமாக, ரோஸ் நிறத்தில்.

“அட என் ஆத்தா,” என்றார் மணியம் மாமா. இந்த மனிதர் எத்தனை பன்றி அடித்தவர்.

பின்கால் தெரிந்ததும் சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு வளையத்தை ஒரே இழுப்பில் தளர்த்தி உருவினார். உடனே மறுபடி பந்து. குட்டி உள்ளே. மறுபடி காத்திருந்தோம். இந்த முறை தூரப் போய் நின்றோம். அரை மணி இருக்கும். விரிந்தது. குட்டி வாலில் ஏறியது, ஒரு முறை வழுக்கி, மறுபடி ஏறியது. பின்காலை லேசாக இழுத்துக்கொண்டு தாய் நடந்தது. எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. தேயிலைக்குள் போய்விட்டது.

மாமா கம்பியைச் சுருட்டினார். “இன்னைக்கு வீட்ல வெறும் ரொட்டியும் சம்பலும்தான்,” என்றார்.

அம்மா அழுதுகொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். நான் பார்க்கவில்லை என்பது போல இருந்தேன்.


பெப்ரவரி 18, ஞாயிறு

பகலில் தூறல். மதினி நான்கு நாளாக என்னோடு பேசவில்லை. சாப்பாடு போட்டால் சாப்பிடுகிறாள். சோறு நல்லாயிருக்கா என்றால் தலையாட்டுகிறாள்.

நான் கண் வைக்காமலேயே பொம்மையை அலுமாரி மேல் போட்டுவிட்டேன். தொட மனமில்லை.

மாலையில் அவளே கேட்டாள், சுவரைப் பார்த்துக்கொண்டு: “அந்தக் குட்டிக்கு ஒண்ணும் ஆகலயே?”

“ஆகல மதினி. வால்ல ஏறிப் போச்சு.”

“கம்பி படலயா?”

“அதோட அம்மா உள்ள வச்சுக்கிச்சு. அது மேல கம்பி படல.”

அவள் வயிற்றில் பிள்ளை அசைந்தது, துணிக்கு மேலேயே தெரிந்தது. ஒரு குன்று நகர்ந்து போவது போல. இருவரும் அதைப் பார்த்தோம்.

“அத எடு,” என்றாள்.

கொடுத்தேன். புரட்டிப் பார்த்தாள். வாலில் இருந்த குட்டியை இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள். தையல் இளகியது.

“இன்னும் இறுக்கித் தைச்சுரு. புள்ள இழுத்தா வந்துரும்.”

பிறக்காத பிள்ளைக்கு முன்கூட்டி எதுவும் செய்யக்கூடாது. அம்மா அடுப்படியில் இருந்தாள், கேட்டிருக்க வேண்டும். ஊதுகுழலை எடுத்து அடுப்பை ஊதினாள்.

இரட்டை நூலில் தைத்தேன். கண் மணிகள் வாயில் போனால் ஆபத்து என்று, கறுப்பு நூலிலேயே கண்.


ஏப்ரல் 18, வியாழன்

மார்ச் பத்தொன்பதாம் திகதி காலை ஏழு மணிக்குப் பெண் பிறந்தாள். இரண்டு கிலோ அறுநூறு. இன்று முப்பத்தோராம் நாள். அரைஞாண் கட்டினார்கள். வெறும் கறுப்புக் கயிறு. முடிச்சை மதினி போட்டாள்.