கான்டெஸா காயும் வரை

ஏப்ரல் 6, 2025. ஞாயிறு

இன்றைக்கும் ஃபேன் கிடையாது. ஏசியும் கிடையாது. வீட்டுக்கார ஐயா பெயிண்ட் அடிக்கிறார்.

சுவருக்கு இல்லை. ஒரு சாண் நீளமுள்ள பிளாஸ்டிக் காருக்கு. கான்டெஸா, எண்பதுகளில் ஓடிய கார். நிஜக் காரை இருபத்துநாலில் ஒரு பங்காகச் சுருக்கியதாம். அந்த மாடல் கடையில் கிடைக்காதாம், அதனால் ஏதோ வெளிநாட்டுக் காரின் உடம்பை வாங்கி அறுத்து, பட்டி பார்த்து, தேய்த்துத் தேய்த்து இவரே செய்கிறார். நிறம் கருப்பு. கருப்பில்தான் தூசி பளிச்சென்று தெரியுமாம். பெயிண்ட் ஈரமாக இருக்கும்போது காற்று அசைந்தால் தூசி வந்து உட்கார்ந்துவிடுமாம். அதற்காக ஃபேன் போடக்கூடாது, பெருக்கக்கூடாது, பெட்ஷீட்டை உதறக்கூடாது, சாம்பிராணி காட்டக்கூடாது. துணியிலிருந்து நூல் பறக்கும் என்று இவர் சட்டையைக் கழற்றிவிட்டு, தரையெல்லாம் தண்ணீர் தெளித்து, வெற்று மேலோடு உள்ளே உட்கார்ந்திருக்கிறார். ஹோமம் வளர்க்க உட்கார்ந்த மாதிரி.

பேஸ்மெண்டில் எங்கள் நிஜக் கார் நிற்கிறது. கண்ணாடியில் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு தூசி. அதைத் துடைக்க வீட்டில் ஆள் இல்லை.

ஏப்ரல் 9

கடுகு தாளித்தேன். எண்ணெய்ப் புகை போய் பெயிண்டில் படிந்துவிட்டதாம். "உனக்கு எத்தன தடவ சொல்றது பத்மா?" சரி, நாளையிலிருந்து தாளிக்காமல் சாம்பார் வைக்கிறேன். கருப்பு காரைத் தொட்டுக்கொண்டு சாப்பிடட்டும்.

ஏப்ரல் 10

புளி போட்டு வைக்கும் என் கண்ணாடி ஜாடியில் பிரேக் ஆயில். அதற்குள் காரின் மேல்மூடி மிதக்கிறது. பழைய பெயிண்ட் கழன்று வர ஊறவைத்திருக்கிறாராம். புளி எங்கே என்று கேட்டால், "ஏதோ கவர்ல போட்டேனே" என்கிறார். நல்லா வாயில வருது எனக்கு.

ஏப்ரல் 13. ஞாயிறு

கிதியோன் வந்திருந்தார். இவரோடு கார் கட்டும் கூட்டத்தில் பெரிய தலை. செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். சைனிக்புரியில் சொந்த வீடு. மே 18-ஆம் தேதி இவர்கள் கூட்டம் நடத்தும் போட்டிக்கு அவர்தான் நடுவர். மனுஷன் நல்லவர். உள்ளே வந்ததும், "கைக்கு சிஸ்டர், ஃபேன் பந்த் பண்ணிட்டு உக்காந்திருக்கீங்க? ஜெயா, உனக்கு ரெஹம் இல்லையா?" என்று இவரிடம் கேட்டார். அவர் தமிழில் ஊர் உருது கலந்திருக்கும்: கைக்கு என்றால் ஏன், ரெஹம் என்றால் இரக்கம். அதற்காகவே அவருக்கு இரண்டாவது டம்ளர் மோர் கொடுத்தேன்.

டார்ச் லைட்டைச் சாய்த்துப் பிடித்து காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட இந்த மனுஷன் என்னை இப்படிப் பார்க்கவில்லை. "ஹவ் பா, ஷைன் சூப்பர். பானட்ல ஒரு பொட்டு தூசி இருக்கு. நக்கோ, வேணாம் பா, இத வச்சுக்கிட்டு வராத. திருப்பி அடி."

அப்புறம் ஒன்று காதில் விழுந்தது. கிதியோன், "பாவம் சிஸ்டர், இவ்ளோ வெயில்ல" என்றார். இவர் சொன்னார்: "அவளுக்கு என்ன, வீட்லதான சும்மா இருக்கா."

சும்மா.

மதுரையில் பன்னிரண்டு வருஷம் பிசிக்ஸ் எடுத்தவள் நான். ஆறு வருஷத்துக்கு முன் இவருக்கு மாதாப்பூரில் மாற்றல் என்று, இருந்த வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவள். "போய் செட்டில் ஆனதும் அங்க ஒரு ஸ்கூல் பாத்துக்கலாம்" என்று சொன்ன அதே வாய்.

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. பாயசம் வைத்தேன். பேசவில்லை. இவருக்கு நான் பேசாததே தெரியவில்லை, அதுதான் கொடுமை.

ஏப்ரல் 23

சைனிக்புரியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு விண்ணப்பித்திருந்தேன். ஒன்பது, பத்துக்கு பிசிக்ஸ். இன்று கூப்பிட்டுவிட்டார்கள்! மே 17, சனிக்கிழமை காலை, மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். லீவு நேரம், ஆளாளுக்கு ஒரு ஊரில் இருப்பதால் வீடியோவில். இது கிடைத்தால் கிடைத்தது. இத்தனை வருஷம் இடைவெளி விட்ட நாற்பத்துநாலு வயதுக்காரியை இன்னொருத்தர் கூப்பிடப் போவதில்லை, எனக்குத் தெரியும்.

கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருக்கும் மகளுக்குத்தான் முதலில் சொன்னேன். "அம்மா, go for it" என்று கத்தினாள். இவரிடம் இரவு சாப்பாட்டின்போது சொன்னேன். "சைனிக்புரியா? அது அந்தக் கோடியில்ல" என்றார்.

ஏப்ரல் 24

ஹாலில் உட்கார முடியாது. பக்கத்து மனையில் தினமும் காலையிலிருந்து பாறை உடைக்கிறார்கள். படுக்கையறையும் அந்தப் பக்கம்தான். சத்தம் வராதது இவருடைய பெயிண்ட் அறை ஒன்றுதான். அங்கேதான் மேஜை, வெள்ளைச் சுவர், வைஃபை எல்லாம். "பதினேழாம் தேதி ஒரு நாள், காலைல மட்டும், அந்த ரூம் எனக்கு வேணும்" என்றேன். தலையைத் தூக்காமல் "சரி சரி" என்றார். இரண்டு தடவை சொன்னார். எழுதி வைக்கிறேன்.

மே 4

நாற்பத்தோரு டிகிரி. ஃபேன் இல்லாமல் ஓம் விதிக்குப் பாடக்குறிப்பு எழுதினேன். வியர்வை சொட்டி மின்தடை அழிந்துவிட்டது. மறுபடி எழுதினேன்.

மே 16. வெள்ளி

பேனா அழுந்தித் தாள் கிழிகிறது. கோபத்தில்தான்.

ஆபீசிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றினார். தரையில் தண்ணீர் தெளித்தார். என்ன செய்யறீங்க என்றேன். பளபளப்புப் பூச்சு, கடைசிக் கோட்டாம். நேற்று அடித்தது சரியாக வரவில்லையாம், தேய்த்து எடுத்துவிட்டாராம், ஞாயிறு போட்டி என்பதால் இன்றைக்கு அடித்தே ஆக வேண்டுமாம்.

"நாளைக்கு எனக்கு ரூம் தரேன்னு சொன்னீங்க."

"அடிச்சா ஒரு நாள் முழுக்கத் தொறக்கக் கூடாதுடி. நீ ஹால்ல உக்காந்து பேசிக்கோயேன். பேசத்தான போற?"

பேசத்தான். பன்னிரண்டு வருஷம் நான் பேசத்தான் செய்தேன், சம்பளம் வாங்கிக்கொண்டு. கத்தினேன். எதிர் ஃபிளாட் கதவு திறந்து மூடியது. திறக்கட்டும். "உங்க பொம்மைக்கு இருக்கற மரியாத எனக்கு இல்ல!" என்றேன். பொம்மை என்றதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. "ஸ்கேல் மாடல்" என்று திருத்தினார். அந்த நேரத்திலும் திருத்தினார்!

அடித்து முடித்துவிட்டுக் கதவின் இடுக்கெல்லாம் பார்சல் டேப் ஒட்டிவிட்டார். நான்கு பக்கமும். பிணம் வைத்த அறை மாதிரி இருக்கிறது.

மே 17. சனி

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

காருக்குக் கண்ணாடிப் பெட்டி வாங்க பேகம்பஜார் போவதாகக் கிளம்பினார். எனக்கு "ஆல் தி பெஸ்ட்" சொல்லவில்லை. "டேப்பத் தொடாத" என்றார். லிஃப்ட் கீழே போகும் சத்தம் கேட்டதும் நான் டேப்பைப் பிய்த்தேன். சுவர்ப் பெயிண்டும் சேர்ந்து உரிந்து வந்தது. உரியட்டும் என்று இன்னும் வேகமாகப் பிய்த்தேன். உள்ளே போய் ஜன்னலைத் திறந்தேன், ஏசியைப் பதினெட்டில் வைத்தேன், ஃபேனை ஐந்தில் வைத்தேன். அப்பா! மார்ச்சிலிருந்து இந்த வீட்டில் நான் மூச்சு விட்டதே அப்போதுதான்.

மேஜை நடுவில் அது நின்றது. மேலே கவிழ்த்திருந்த டப்பாவைத் தூக்கினேன். உண்மையைச் சொன்னால், அழகாகத்தான் இருந்தது. என் முகம் அதில் தெரிந்தது. அதை அப்படியே தூக்கி அலமாரி மேல் வைத்தேன். பார்த்தால் காய்ந்த மாதிரிதான் இருந்தது. காரின் கூரையில் என் கட்டைவிரல் பதிந்துவிட்டது. ரேகை ரேகையாக.

ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு புடவையைச் சரி செய்துகொண்டு வகுப்பு எடுத்தேன்.

நன்றாக எடுத்தேன். எனக்கே தெரிந்தது. குறுக்குக் கேள்வி கேட்ட வாத்தியாரம்மாவையே அடுத்த கணக்கைப் போட வைத்துவிட்டேன். பிரின்சிபால் சிரித்தார். "ஜூன்ல சேர முடியுமா மேடம்?" என்று அப்போதே கேட்டுவிட்டார்.

மத்தியானம் இவர் வந்தார். ஒளிக்கவில்லை. வாசலிலேயே சொன்னேன்: "ரூமத் தொறந்தேன். கார நகத்தி வச்சேன். என் விரல் பட்டுருச்சு. வேல கெடச்சுருச்சு." கடைசி வாக்கியத்தை அவர் கேட்கவேயில்லை. செருப்போடு உள்ளே ஓடினார். டார்ச்சைச் சாய்த்துப் பார்த்தார். அப்புறம் வந்தது பாருங்கள், இருபது வருஷத்தில் கேட்காத வார்த்தையெல்லாம். ஆறு மாச உழைப்பை வேண்டுமென்றே நாசம் பண்ணிவிட்டேனாம். வயிற்றெரிச்சலாம் எனக்கு. "என் ஆறு வருஷம் போச்சே, அத எந்த டார்ச் அடிச்சுப் பாத்தீங்க?" என்றேன்.

"சைனிக்புரிக்கு தினம் எப்படிப் போவ? போக ஒண்ணர மணி நேரம், வர ஒண்ணர. அங்கயே ஒரு ரூம் பாத்துக்கிட்டு இருந்துக்கோ போ! எனக்கும் நிம்மதி."

வேண்டுமென்றே தொட்டேனா? கேட்டுக்கொண்டே இருக்கிறேன். இல்லை. ஆனால் பட்டதும் ஐயோ என்று இல்லை. அதுவும் உண்மை.

மே 18

இவர் போட்டிக்குப் போகவில்லை. சாயங்காலம் கிதியோன் எனக்கு போன் செய்தார். "என்னா சிஸ்டர், ஜெயா போனே எடுக்கல?" எல்லாவற்றையும் சொன்னேன். ரேகையையும் சொன்னேன். "அத தேய்ச்சு எடுத்துடலாம் சிஸ்டர், பெரிய மேட்டர் இல்ல. ஒரு வாரம் காயணும், அப்பறம் சாண்ட் பேப்பர் போட்டு பாலிஷ் பண்ணா ரெண்டு மணி நேர வேல. அவனுக்கும் தெரியும்."

தெரியுமாம்! தெரிந்துகொண்டுதான் அந்த ஆட்டம் ஆடினாரா?

பள்ளிக்கூடம் எது என்று கேட்டார். பெயரைச் சொன்னதும், "அட, நம்ம வீட்லருந்து நடந்து போலாம்" என்றார். அவர் வீட்டு மாடி காலியாக இருக்கிறதாம்.

மே 25

மாடியைப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு அறை, ஒரு அடுப்படி. கிதியோனின் மனைவி கனகமணி அக்காவுக்கு இதில் சம்மதமில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. "குடும்பத்தப் பிரிச்ச பாவம் எங்களுக்கு வேணாம்மா" என்றார். வாரநாட்களுக்கு மட்டும்தான், வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போய்விடுவேன் என்றேன். என் நினைப்பும் அதுதான். அரைமனதாகச் சரி என்றார்.

ராத்திரி இவரிடம் சொன்னேன். "நீங்க சொன்னபடியே ரூம் பாத்துட்டேன்." போடி போ, வீம்புக்காரி என்பார், சண்டை போடலாம் என்று தயாராக நின்றேன். "உன் இஷ்டம்" என்று டிவி சத்தத்தைக் கூட்டினார்.

ஜூன் 12

முதல் நாள். தொண்டை கட்டிவிட்டது. இவ்வளவு சந்தோஷமாகத் தொண்டை கட்டியதே இல்லை. மாடி அறையில் ஃபேன் தடதடவென்று ஓடுகிறது. ஓடட்டும்.

ஜூன் 29. ஞாயிறு

வெள்ளிக்கிழமை போனேன். சிங்க் நிறையப் பாத்திரம், ஹால் மேஜையில் புதுக் கார் ஒன்றின் எலும்புக்கூடு. ஹாலையும் பிடித்துவிட்டார்! நன்றாகச் சண்டை போட்டோம். பாத்திரத்தை நங்கு நங்கென்று வைத்துக் கழுவினேன். அவரும் கதவை அறைந்து சாத்தினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் நன்றாகத் தூங்கினேன்.

ஜூலை 11

வாட்ஸப்பில் இவர்: "சனி பெயிண்ட். வர்றதா இருந்தா ஞாயிறு மத்தியானத்துக்கு மேல வா."

கொழுப்பைப் பாரேன். என் வீட்டுக்கு நான் போக நேரம் குறித்துக் கொடுக்கிறார். போகவில்லை.

ஜூலை 18

போகவில்லை. தேர்வுத் தாள்.

ஜூலை 25

போகவில்லை.

ஆகஸ்ட் 10. ஞாயிறு

இன்று இவர் இங்கே வந்தார்.

முன்கூட்டியே போன் செய்து, "நாலு மணிக்கு வரலாமா? ஃப்ரீயா இருப்பியா?" என்று கேட்டுவிட்டு வந்தார். ஷூவை வெளியே ஜோடியாகக் கழற்றி வைத்தார். வீட்டில் ஒன்று சோபாவுக்கு அடியிலும் ஒன்று பால்கனியிலும் கிடக்கும். பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். இளைத்திருக்கிறார். மகள் பற்றிப் பேசினோம். மழை பற்றிப் பேசினோம்.

அந்தக் கார் என்ன ஆச்சு என்று கேட்டேன். பாலிஷ் போட்டு எடுத்துவிட்டாராம். "ஒண்ணும் தெரியல இப்ப, சுத்தமா போயிருச்சு" என்றார். நல்லது என்றேன். அவ்வளவுதான் பேச்சு. மே மாதம் அதற்காக ஊரைக் கூட்டியவர்கள் நாங்கள்.

காபி போட்டேன். டம்ளரை நீட்டும்போது என் வாயிலிருந்து வந்தது: "சக்கர போதுமான்னு பாருங்க." இருபது வருஷமாக இந்த மனுஷனுக்குக் காபி போடுகிறேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "கரெக்டா இருக்கு. தேங்க்ஸ்" என்றார்.

தேங்க்ஸ்!

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து நின்று, "பாத்ரூம் யூஸ் பண்ணிக்கலாமா?" என்று கேட்டார்.

எனக்கு அந்த இடத்தில் பயம் வந்துவிட்டது. ஏன்யா இப்படிக் கேக்குற என்று சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும். அவராவது, என்னடி இது ஓட்டை ரூம், கிளம்பு வீட்டுக்கு என்று ஒரு கத்துக் கத்தியிருக்கலாம். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், கனகமணி அக்கா மாடிக்கு ஓடி வந்திருப்பார். ஒன்றும் நடக்கவில்லை. "லைட் சுவிட்ச் வெளிய இருக்கு" என்று காட்டினேன்.

ஆறு மணிக்குக் கிளம்பினார். படிவரை போய் வழியனுப்பினேன். அடுத்த வாரம் வருகிறாயா என்று அவரும் கேட்கவில்லை, வரட்டுமா என்று நானும் கேட்கவில்லை. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். நாளைக்கு முதல் பீரியடே பத்தாம் வகுப்பு.