நீ பிரித்த கிளை

இன்று காலை மின்னஞ்சலில் ஒரு கோப்பு வந்தது. ‘பெரிய திட்டங்களில் மெமரி பிழை வராமல் கிளை பிரிப்பது எப்படி’ என்று தலைப்பு. இரண்டே பக்கம். எங்கள் கொழும்பு அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கொடுக்கப்போகிறார்களாம்; ஒருமுறை பார்த்துச் சரி சொல்லும்படி கேட்டிருந்தார்கள். அடியில் என் பெயர் இருந்தது.

நீ கொப்பியில் தமிழில் எழுதித் தந்ததை நான் இங்கிலீஷில் தட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது.

உன் பெயரைச் சேர்க்கலாம் என்று விசைப்பலகையில் கை வைத்தேன். ‘யார் இது?’ என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் எதுவரை சொல்ல வேண்டிவரும் என்று எனக்குத் தெரியும். சரி என்று பதில் அனுப்பிவிட்டேன். அனுப்பிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

பதுளையில் துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்த நம் அலுவலகத்தில் ஏழு கம்ப்யூட்டர்கள், எல்லாம் பழசு. நீ பூனாகலையிலிருந்து இறங்கி வருவாய், நான் பெரகலையிலிருந்து. பண்டாரவளையில் ஒரே பஸ்ஸைப் பிடிப்போம். வயது ஒன்றுதான் நமக்கு. நான் டிப்ளோமா முடித்து புரோகிராமராகச் சேர்ந்தவள். உனக்கு உயர்தரப் பரீட்சையோடு படிப்பு நின்றுபோனது. உன் நியமனக் கடிதத்தில் டேட்டா என்ட்ரி என்று போட்டிருந்தார்கள்.

தோட்டங்களின் வரைபடம்தான் நம் வேலை. எந்த மலை எவ்வளவு சரிவு, எங்கே தண்ணீர் ஓடும் கான் அடைத்திருக்கிறது, மழைக்கு எங்கே மண் இறங்கலாம் என்று காட்டும் மென்பொருள். வானத்திலிருந்து எடுத்த படங்களே ஆயிரக்கணக்கில். அவ்வளவும் ஒரே திட்டமாக சர்வரில் இருந்தன. யார் எதை எப்போது மாற்றினார்கள் என்று பதிந்துவைக்கும் மென்பொருள் அவற்றைக் காத்துக்கொண்டிருந்தது. வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வடிவத்தைத் தனிக் கிளையாகப் பிரித்துவிட்டால் அதில் கை படாது, மற்றவர்கள் வேலையைத் தொடரலாம். அந்தக் கிளையைப் பிரிக்கும் பொறுப்பு எனக்கு.

மூன்று நாள் முயன்றேன். திட்டம் முழுவதையும் என் கம்ப்யூட்டருக்கு இறக்கி, அங்கே நகல் எடுத்து, புதுக் கிளையாக மேலே ஏற்றுவேன். முக்கால்வாசி போனதும் மெமரி போதவில்லை என்று செய்தி வந்து எல்லாம் நின்றுவிடும். மறுபடி முதலிலிருந்து. புது கம்ப்யூட்டர் வேண்டும் என்று நம் மேலதிகாரி சேரிடம் கேட்டு ஏச்சு வாங்கினேன். அவருக்கு யாராவது எதையாவது கேட்டாலே கோபம் வரும்.

மூன்றாம் நாள் மத்தியானம் நீ சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவிவிட்டு வந்து என் பின்னால் நின்றாய்.

“ஏன் புள்ள அம்புட்டையும் இங்க இழுக்குற? எல்லாம் சர்வர்லதான இருக்கு. அதுக்கிட்டயே சொல்லு, அங்கனயே ஒரு கிளை போட்டுக்கன்னு.”

“அப்பயும் அவ்வளவையும் நகல் எடுக்கணுமேடி?”

“எடுக்காது. எங்கயிருந்து பிரிஞ்சிச்சுன்னு ஒரு குறிப்பு மட்டுந்தான் எழுதிக்கும். வீட்டுக் காம்பரா மாறுறவங்க லய வரிசையையே தூக்கிக்கிட்டா போறாங்க?”

ஒரே வரிக் கட்டளை. பழைய இடத்தின் முகவரி, புதுக் கிளையின் முகவரி, ஏன் பிரிக்கிறோம் என்று ஒரு குறிப்பு. நீ சொல்லச் சொல்ல நான் தட்டினேன். நீ போத்தலைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் குடிப்பதற்குள் கிளை வந்துவிட்டது. என்னிடம் ஏற்கெனவே இருந்த பிரதியை அந்தக் கிளைக்குத் திருப்பிக்கொள்ளவும் சொல்லித் தந்தாய். “புதுசா எறக்குறவங்க படத்தையெல்லாம் எறக்க வேணாம். வேல செய்யுற ஃபோல்டர் மட்டும் போதும்” என்றாய்.

“எப்படிடி கண்டுபிடிச்ச?”

“உதவிப் பக்கத்துல எழுதியிருக்கு. அகராதிய வச்சுக்கிட்டு ஒரு வாரமா படிச்சேன். நீங்கல்லாம் டிப்ளோமா. படிக்க மாட்டீங்க.”

இருவரும் சத்தம் போட்டுச் சிரித்தோம். சேர் எட்டிப் பார்த்தார்.

மறுநாள் கொழும்பு அலுவலகத்தோடு வீடியோவில் கூட்டம். “நீயே பேசு, எனக்கு இங்கிலீஷ் வராது” என்று நீ கேமராவில் படாமல் சுவரோரம் நின்றாய். எப்படிச் சரிசெய்தீர்கள் என்று கேட்டார்கள். உன் பெயரைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? “நான்” என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்த பிறகு நிறுத்தவில்லை. கைதட்டினார்கள். சேர் என் தோளைத் தட்டினார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று திரும்பும் பஸ் எல்ல ஊரைத் தாண்டியது. “பரவால்ல விடு. கிளை ஓடுதுல்ல” என்றாய். உன்மேல் எனக்கு இன்றைக்கும் உள்ள கோபம் அதுதான். அன்றைக்கு நீ என்னை ஏசிக் கிழித்திருக்க வேண்டும். பஸ்ஸில் அத்தனை பேர் முன்னால் கிழித்திருந்தால் நான் மறுநாளே சேரிடம் போயிருப்பேன். போயிருப்பேன் என்று இப்போது எழுதுவது சுலபம்.

ஐந்தாறு மாதம் கழித்து வேலை குறைந்தது. அதற்குள் என்னைக் குழுத் தலைவி ஆக்கியிருந்தார்கள். சேர் என்னை அறைக்குள் கூப்பிட்டார்.

“டேட்டா என்ட்ரியில ரெண்டு பேர நிப்பாட்டணும். யார கட்டாயம் வச்சிருக்கணும்?”

உன்னை வைத்திருக்க வேண்டும் என்றால், ஏன் என்று கேட்பார்.

“எல்லாரும் ஒண்ணுதான் சேர்” என்றேன்.

இது உனக்குத் தெரியாது. தெரியாமலே போய்விட்டாய்.

கடைசி நாளில் உன் கொப்பியை என் மேசையில் வைத்துவிட்டு, “நீயே வச்சுக்க, எனக்கு எதுக்கு” என்றாய். பிறகு மொனராகலைப் பக்கம் ஒரு தையல் தொழிற்சாலையில் சேர்ந்தாய். நான் கொழும்புக்கு மாறிவிட்டேன். ஒருமுறை என்னோடு பேச போன் எடுத்தாய்: “அங்க எதாச்சும் வேல இருந்தா சொல்லு புள்ள. இங்க நாள் பூரா நின்னு கால் வீங்குது.” பார்க்கிறேன் என்றேன். யாரிடமும் கேட்கவில்லை. நீ இங்கே வந்தால் உன்னைத் தினமும் பார்க்க வேண்டிவரும்.

பிறகு ஒரு நாள் சேதி வந்தது. காய்ச்சலோடு இரண்டு நாள் மெஷினில் நின்றாயாம், லீவு தரவில்லையாம். மூன்றாம் நாள் விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். டெங்கு என்றார்கள். நான் பூனாகலைக்கு வந்துசேர்ந்தபோது உன்னை அடக்கம் செய்து முடித்திருந்தார்கள்.

உன் அம்மா என் கையைப் பிடித்து உள்ளே உட்கார வைத்தார். பிளேன்டீ கொடுத்தார். பிறகு கேட்டார்.

“அவகூட வேல செஞ்சவ நீ. உண்மையச் சொல்லு புள்ள. பதுளையில அவள ஏன் நிப்பாட்டுனாங்க? எதாச்சும் தப்பு செஞ்சாளா?”

“இல்லம்மா. வேல கொறஞ்சுபோச்சு. அதான்.”

அம்மா என் கோப்பையை வாங்கிக் கீழே வைத்தார். “அவளும் அதத்தான் சொன்னா. நான்தான் நம்பல. கெட்டிக்காரிய எவனாச்சும் நிப்பாட்டுவானா, நீ என்னத்தையோ செஞ்சுட்டு மறைக்குறன்னு கண்டபடி ஏசிப்புட்டேன். ரெண்டு நாள் சோறு திங்கல அவ.”

அதன்பிறகு இரண்டு தடவை பூனாகலைக்குப் போனேன், அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று. இரண்டு தடவையும் சுகம் விசாரித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். நீ சாப்பிடாத அந்த இரண்டு நாள் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.