பிர்க் மறித்து நின்ற நாள்

அன்பு மகளே,

ஓஸ்லோவில் ஆடு மேய்க்கப் பிறந்த உன் பூஹுண்ட் நாய் பிள்ளைகளை மேய்த்துக்கொண்டு திரிவதாக எழுதியிருந்தாய். நம் பிர்க் வேறு சாதி, எல்க் மான் வேட்டைக்கென்றே பிறந்தது. மானைக் கடிக்காது. மறித்து நின்று, வேட்டைக்காரன் வரும்வரை குரைக்கும். அவன் வந்ததும் அடங்கிவிடும்.

ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. செவ்வாய்க்கிழமை அதோடு பனியில் நடக்கப் போனேன். நமக்குப் பழகிய காடுதான். திடீரென்று என்னையே மறித்துக் குரைத்தது. நான் இடப்பக்கம் போனால் அதுவும் இடப்பக்கம் வந்து நின்றது. "மடையா, நான் மானாடா?" என்று திட்டியும் விடவில்லை.

கடைசியில் பக்கத்துப் பண்ணை குட்பிரான் வந்தான். பிர்க் உடனே அடங்கிவிட்டது.

"ஒரு மணி நேரமா ஒரே இடத்துல கொரைக்குதே, மான் எங்கண்ணே?"

"அதத்தான் நானும் தேடுறேன்."

அவன் மானைத் தேடவில்லை. என் காலில் கிடந்த வீட்டுச் செருப்பையே பார்த்தான்.

"வாங்க, வீட்டுக்குப் போலாம்," என்றான். நான் நடந்தேன். கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பக்கம் இல்லண்ணே," என்றான்.

பிர்க்குக்கு வயதாகிவிட்டதோ? வயதானால் நாய்க்கு ஆள் எது, மான் எது என்று தெரியாமல் போகுமா? விசாரித்து எழுது.

அன்புடன்,
அப்பா