உஷாவின் பழைய ஐபோன்

செப்டம்பர் 13, சனி

இன்று அரை நாள் வேலை. தேயிலை ஃபேக்டரி பேக்கிங்கில் இருந்து வந்து கை கழுவுவதற்குள் உஷா வந்துவிட்டாள். கியா பார்மில் வாங்கியதென்று இரண்டு டப்பா ஸ்ட்ராபெரி கொண்டுவந்தாள். என் வீட்டுக்காரரின் ஒரே தங்கை, பிரிஞ்சாங்கில் டீச்சர். நல்லவள்தான். அதுதான் தொல்லையே.

டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டு உட்காரப் போனேன், அவளுடைய ஐபோன் அடித்தது. திரையில் யார்? என் மகள் பூவிழி. "அத்தே, இந்தச் சட்ட எப்படி இருக்கு பாருங்க" என்று கோலாலம்பூரில் கண்ணாடி முன்னால் நின்று சுற்றிச் சுற்றிக் காட்டுகிறாள். இவள் "கலர் எடுப்பா இருக்குடி, கையை மட்டும் கொஞ்சம் புடிச்சுத் தைச்சுக்க" என்கிறாள். இரண்டு பேருக்கும் அப்படி ஒரு சிரிப்பு. கடைசியில் நானாகத் தலையை நீட்டினேன். "ஏய் அம்மா! சாப்டியா? சரி சரி, அப்புறம் ஒனக்கு அடிக்கிறேன்."

அடித்தாள், என் போனுக்கு. சாப்பிட்டியா, சாப்பிட்டேன், காசு இருக்கா, இருக்கு, அங்க குளிரா, ஆமா, சரிம்மா வைக்கிறேன். அவ்வளவுதான்.

பெற்றவள் நான். சட்டை காட்டுவது அவளுக்கு.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஸ்ட்ராபெரியை நான் தொடவில்லை. இவர்தான் "புளிக்குது, புளிக்குது" என்று சொல்லிக்கொண்டே தின்று தீர்த்தார்.

செப்டம்பர் 18, வியாழன்

கேட்டே விட்டேன். "அத்தகிட்ட மட்டும் மூஞ்சி காட்டி மணிக்கணக்காப் பேசுற. எங்கிட்ட ஏன்டி பேச மாட்டேங்குற?"

"அது ஃபேஸ்டைம்மா. ஐபோனுக்கு ஐபோன் பேசினா தெளிவா இருக்கும். ஒன் போன்ல பேசினா நீ கட்டங்கட்டமாத் தெரியிற, சத்தம் பின்னாடி வருது."

ஆக, குறை என்னிடம் இல்லை, போனில்தான். இப்படி நினைத்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது.

பேக்கிங்கில் மாரியம்மாவிடம் விசாரித்தேன். என் பக்கத்து மேசை. இரண்டு போனும் பழகியவள். "ஆண்ட்ராய்டு நம்ம லயத்து வீடு மாதிரிக்கா. கதவு தொறந்தே கெடக்கும், யாரு வேணா வரலாம். விளம்பரக்காரன்கூட உள்ள வந்து காலை நீட்டி ஒக்காந்துக்குவான். ஐபோனு தொரை பங்களா மாதிரிலா. சுத்தமா இருக்கும். ஆனா செருப்பக் கழட்டிட்டு, அவங்க காட்டுற வழியிலதான் நடக்கணும்."

பங்களாவுக்குள் உஷாவும் என் மகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் கேட்டுக்கு வெளியே நிற்கிறேன்.

செப்டம்பர் 27, சனி

சின்ன அறைக்குப் பெயிண்ட் அடித்தாயிற்று. பூவிழி கேட்ட அதே இளம் பச்சை. கேட்டது அவள் எஸ்.பி.எம். பரீட்சை எழுதிய வருடம், அதனால் என்ன? கே.எல்.லில் பயிற்சி முடிந்து தீபாவளிக்கு வந்தால் இங்கேயே இருந்துவிடுவாள். எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலைக்கு இவர் துரையிடம் சொல்லி வைத்திருக்கிறார். அவள் வந்துவிட்டால் போனாவது மண்ணாவது. எதிரே உட்கார வைத்துப் பேசிக்கொள்வேன்.

சாயங்காலம் இவர், நான், உஷா மூன்று பேரும் பிரிஞ்சாங் பாசார் மாலாம் இரவுச் சந்தைக்குப் போனோம். சோளக் கடை முன்னால் உஷா ஒரு படம் எடுத்தாள், நானும் ஒன்று எடுத்தேன். அவள் படத்தில் சோளத்தின் ஆவிகூடத் தெரிகிறது. என் படத்தில் என் முகம் தோசை மாவு மாதிரி வெள்ளையாக இருக்கிறது. போனே என்னைக் கேட்காமல் அழகாக்கிவிட்டதாம். இவர் எட்டிப் பார்த்து, "யாரு இந்தச் சீனத்தி?" என்றார். உஷா சிரித்தாள். நானும் சிரித்தேன். 

அக்டோபர் 4, சனி

உஷா புது ஐபோன் வாங்கிவிட்டாள். பழையதை எனக்குத் தந்தாள்.

"அண்ணி, நீங்க வச்சுக்குங்க. நல்லாத்தான் இருக்கு, விக்க மனசு வரல."

கட்டிப் பழகிய சேலையை வீட்டு வேலை செய்கிறவளுக்குக் கொடுப்பார்களே, அது மாதிரி இருந்தது. வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கை நீண்டுவிட்டது.

"ஆப்பிள் ஐடி என்னோடதே இருக்கட்டும். புதுசா தொறந்தா பாஸ்வேர்ட மறந்துட்டு ஒக்காந்திருப்பீங்க." சரி என்றேன். எங்கள் லயத்தில் வைஃபை பக்கத்து வீட்டில், பாஸ்வேர்டு எல்லா வீட்டிலும். ஐடியும் அப்படித்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

பூவிழியிடம் சொல்லாதே என்று உஷாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். தீபாவளிக்கு வரும்போது நானே காட்டுவேன். அதுவரை யாருக்கும் அடிக்கவும் மாட்டேன்.

அக்டோபர் 8, புதன்

இந்தப் போனோடு மல்லுக்கட்டுகிறேன். என் பழைய போனில் கீழே ஒரு பட்டன் உண்டு, அமுக்கினால் வந்த இடத்துக்கே திரும்பலாம். இதில் அது இல்லை. ஓரத்தில் விரலை வைத்து இழுக்க வேண்டுமாம். இழுத்தால் சமயத்தில் வருகிறது, சமயத்தில் வேறெங்கோ கொண்டுபோய் விடுகிறது. ஃபேக்டரித் தொப்பியும் மாஸ்க்கும் போட்டிருந்தால் என்னை யாரென்றே தெரியவில்லை அதற்கு. பழையது மட்டும் என்ன வாழ்ந்தது? தேயிலைத் தூள் படிந்த விரல் ரேகையை ஏற்றுக்கொள்ளாது, பாவாடையில் துடைத்துத் துடைத்து வைக்க வேண்டும். ஆனால் தமிழில் நான் பேசினால் அது தானே எழுதிக் கொடுக்கும். இதில் அது எங்கே இருக்கிறதோ, கிடைக்கவில்லை.

படம் தெளிவு. சத்தம் தெளிவு. சார்ஜ் நிற்கவில்லை. உஷா உபயோகித்து உறிஞ்சிய மிச்சம்தானே.

இருந்தாலும் வேலைக்குப் போகும்போது இதைத்தான் எடுத்துப்போகிறேன். மாரியம்மா பார்க்கிற மாதிரி மேசையில் வைக்கிறேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

காலையில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தேன். இவர் லோரி கழுவப் போயிருந்தார். ஐபோன் அடித்தது. பூவிழி! எப்படித் தெரிந்தது இவளுக்கு? உஷா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாளே. போகட்டும், என் மகள் எனக்கு ஐபோனில் அடிக்கிறாள். எண்ணெய்க் கையோடு எடுத்துக் காதில் வைத்தேன். படம் இல்லை, சத்தம் மட்டும்தான்.

"அத்தே, நடந்துக்கிட்டே பேசுறேன். நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க, நான் சொல்லி முடிச்சிர்றேன். இல்லாட்டி தைரியம் போயிரும்."

அத்தே. அப்போதுதான் புரிந்தது. ஐடி உஷாவுடையது. அவளுக்கு வந்தது இங்கேயும் அடித்திருக்கிறது. அவள் கோயிலில் இருப்பாள், எடுத்திருக்க மாட்டாள். நான் அம்மாடி என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "ம்" என்றேன்.

"ஜொகூர் பாருல வேலை கெடச்சிருச்சு. அடுத்த மாசம் சேரணும். அப்பா தொரைகிட்ட கேட்டு வச்சிருக்காரு. அம்மா ரூமுக்குப் பெயிண்ட் அடிச்சு போட்டோ அனுப்புது. அந்தப் போட்டோவப் பாத்தா எனக்கு அழுகதான் வருது அத்தே. நான் அங்க திரும்பி வரல. எனக்கு இஷ்டமில்ல."

"ம்."

"டெங்கில கெடந்தப்ப அம்மாகிட்ட சொல்லாம நீங்களே வந்து பாத்துக்கிட்டீங்கல்ல. இதையும் நீங்களே சொல்லிருங்களேன்."

டெங்கியா? எப்போ? ஆகஸ்டில் உஷா ஏதோ கோர்ஸ் என்று கே.எல். போனாள். பூவிழியைப் பார்த்தால் கொடு என்று நான்தான் ரசப்பொடி கட்டிக் கொடுத்தேன். வாய் வரைக்கும் வந்துவிட்டது. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டேன்.

"ம்."

"அம்மாகிட்ட ஒண்ணு சொல்ல ஆரம்பிச்சா, முடிக்கறதுக்குள்ள அது பத்து சொல்லும். ஒங்ககிட்ட பேசினாத்தான் எனக்கு மனசு லேசாவுது. நீங்க மட்டுந்தான் அத்தே முழுசா கேக்குறீங்க."

"ம்."

"சரி, ட்ரெயின் வந்துருச்சு. தேங்க்ஸ் அத்தே."

முறுக்கு கரியாகிப் போயிருந்தது. இவர் வந்து "என்ன வாடை?" என்றார். அடுப்பு அனல் கூடிப் போச்சு என்றேன்.

அக்டோபர் 13, திங்கள்

எம்புள்ள காய்ச்சல்ல கெடக்குது, நான் இங்க தேயிலைப் பொட்டலம் கட்டிக்கிட்டு இருந்திருக்கேன்! அவ போயி தலைமாட்டுல ஒக்காந்துட்டு, திரும்பி வந்து எங்கிட்ட "கோர்ஸ் நல்லா இருந்துச்சு அண்ணி"ன்றா. நான் போட்ட டீயக் குடிச்சுக்கிட்டே சொன்னா. என்ன நெஞ்சழுத்தம்!

வருகிறாளா? வரட்டும்.

அதுவும் ஒரு பக்கம். இன்னொன்று இருக்கிறது, அதுதான் தூங்க விடவில்லை. முழுசாகக் கேட்டாள் என்று பேர் வாங்கியது யார்? உஷா. ஆனால் கேட்டது யார்? நான்! அந்த நாலு "ம்"மும் என்னுடையது. அதற்கும் பேர் அவளுக்கா? இப்படியுமா ஒருத்திக்குப் பொறாமை வரும்? எனக்கு வருகிறது.

அப்புறம் இதையும் எழுதி வைக்கிறேன். என் மகள் என்னிடம் இவ்வளவு பேசி எவ்வளவு நாளாயிற்று. நான் வாயைத் திறந்திருந்தால் பேசியிருப்பாளா?

அக்டோபர் 15, புதன்

உஷா பள்ளி விட்டு நேரே வந்தாள். உட்காரவில்லை.

"அண்ணி, ஞாயித்துக்கெழம பூவிழி அடிச்சாளா?"

நான் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன்.

"எங்கிட்ட எல்லாம் சொல்லிட்டதா சொல்றா. எனக்கு ஒண்ணும் தெரியல. அப்புறந்தான் ஐடி ஞாபகம் வந்துச்சு. அவகிட்ட 'ஆமாம்மா, கேட்டேன்'னு சொல்லிட்டேன். ஒங்களக் காட்டிக் கொடுக்கல."

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டேன். "காட்டிக் கொடுக்கலையா? எம்மவளுக்கு டெங்கி வந்தத மறைச்சவ நீ! பெத்தவளுக்குச் சொல்லணும்னு தோணலையாடி ஒனக்கு?" இத்தனை வருஷத்தில் அவளை நான் 'டி' போட்டுப் பேசியதில்லை. இன்று வந்துவிட்டது.

அவள் அழுதாள். "சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா அண்ணி. சொன்னா நீங்க அண்ணன் லோரியிலயே ஏறி வந்துருப்பீங்க."

"வந்துருப்பேன்தான்! அதுக்கென்ன?"

"வந்து ஆஸ்பத்திரில எல்லார்கிட்டயும் சண்டை போட்டுருப்பீங்க. அப்புறம் கையோட வீட்டுக்கு இழுத்துட்டு வந்துருப்பீங்க."

 அப்படித்தான் செய்திருப்பேன். கொஞ்ச நேரம் தண்ணீர் குழாயில் ஓடிக்கொண்டே இருந்தது, அவள்தான் வந்து மூடினாள்.

"நானே அவகிட்ட பேசவா? அம்மாவுக்குத் தெரியும்னு சொல்லவா?"

"நீ ஒண்ணும் சொல்லாத. அவளே எங்கிட்ட சொல்லட்டும்."

"சொல்ல மாட்டா அண்ணி."

"சொல்லுவா. நீ இந்தப் போனை எடுத்துட்டுப் போ."

ஐடி மாற்றித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். என் பழைய போனை இழுப்பறையில் இருந்து எடுத்துச் சார்ஜில் போட்டேன். அது எழுந்திருக்க வெகு நேரம் எடுத்தது.

அக்டோபர் 20, திங்கள் — தீபாவளி

வந்திருக்கிறாள். இளைத்திருக்கிறாள். ஏன் என்று கேட்கவில்லை.

அக்டோபர் 22, புதன்

ராத்திரி உஷாவும் சேர்ந்து சாப்பிடும்போது இவர் ஆரம்பித்தார். "தொரை அடுத்த வாரம் வரச் சொல்லிருக்காரு. நல்ல சட்டையா போட்டுட்டு வா." பூவிழி உஷாவைப் பார்த்தாள். உஷா என்னைப் பார்த்தாள். நான் ரசத்தைப் பார்த்தேன். நாக்கு உள்ளே நமநமவென்று கிடந்தது. எனக்குத் தெரியும்டி, சொல்லித் தொலையேன் என்று கத்த வேண்டும் போல இருந்தது.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்று மட்டும் கேட்டேன்.

பச்சை அறையில்தான் படுத்திருக்கிறாள். நாளைக்கு பஸ். பயிற்சியில் பாக்கி வேலையை முடித்துக் கொடுக்க வேண்டுமாம். ஒன்றும் சொல்லாமலே போகப் போகிறாள்.

உஷாவிடம் சொல்லியிருப்பாள். அவளிடம்தானே சொல்வாள்.

அக்டோபர் 23, வியாழன்

பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். "பத்திரம்" என்றேன், வேறொன்றும் சொல்லவில்லை. "என்னம்மா, ஒடம்பு சரியில்லையா? ஒண்ணுமே பேச மாட்டேங்குற" என்றாள்.

நவம்பர் 2, ஞாயிறு

மழை விட்டு ஒரே பனி. எதிர் லயம்கூடத் தெரியவில்லை. இவர் திரிங்காப்பில் யாருக்கோ லோரி பார்க்கப் போயிருக்கிறார். பழைய போன் அடித்தது. பூவிழி.

"அம்மா. வேலையா இருக்கியா?"

"இல்ல."

"ஒண்ணு சொல்லணும்."

சாப்பிட்டியா என்று கேட்கவில்லை. காசு இருக்கா என்று கேட்கவில்லை. வாசற்படியில் வந்து உட்கார்ந்தேன். அங்கேதான் லைன் கொஞ்சம் நன்றாகக் கிடைக்கும்.

"எனக்கு ஜொகூர் பாருல வேலை கெடச்சிருக்கும்மா."

"ம்."

மூச்சு விடாமல் சொன்னாள். அப்பாவை நினைத்தால் பயமாக இருக்கிறது என்றாள். பச்சை அறையில் படுத்த மூன்று ராத்திரியும் தூங்கவில்லை என்றாள். டெங்கியைப் பற்றியும் சொன்னாள். உஷாவிடம் அன்று சொல்லாத சிலதும் சொன்னாள், அதை இங்கே எழுதப்போவதில்லை. எனக்குச் சொன்னது, என்னிடமே இருக்கட்டும். நடுநடுவே என் போன் வழக்கம்போலக் கரகரத்தது.

"அம்மா? லைன் கட்டாயிருச்சா?"

"இல்லடி. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். சொல்லு."



"அம்மா... அன்னிக்கு, தீபாவளிக்கு முந்தி. அத்தைக்கு அடிச்சேன். அப்பவும் இப்படித்தான் வெறும் 'ம்', 'ம்'னு கேட்டுச்சு. அது நீதானா?"

 

"ம்" என்றேன்.

வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அப்புறம் சிரித்தாள், அந்தக் கண்ணாடி முன்னால் சிரித்த சிரிப்பு. "மோசமான ஆளும்மா நீ" என்றாள். அப்பாவிடம் நானே பேசிக்கொள்கிறேன், நீ போய் வேலையில் சேரு என்றேன். அதற்கப்புறமும் பேசிக்கொண்டிருந்தோம். போன் சூடேறிக் காது சுட்டது, மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

இவருக்கு இன்று சொல்ல வேண்டும். துரையிடமும் இவர்தான் போய்ச் சொல்ல வேண்டும், குதிப்பார்.

உஷாவிடம் சொல்லப்போவதில்லை. அவளாகக் கேட்கட்டும்.