உன் பேரில் வாங்கிய மணிச்சட்டம்

என் கூடப்பிறந்த கண்ணான லாத்தாவுக்கு,

நீ இருக்கும் இடத்துக்கு என் ஸலாம் வந்து சேருமோ என்னமோ, சொல்லிவிட்டேன். நேற்று நோன்புப் பெருநாள். நேற்று மத்தியானம் ஒரு பேச்சைக் கேட்டேன். உன்னிடம் சொல்லாமல் இதை வேறு யாரிடம் போய்ச் சொல்ல?

உன் மகன் காசிமுக்கு இப்போது நாலு வயது. மச்சான் உன்னை வைத்தியத்துக்கென்று கொழும்புக்குக் கூட்டிப்போன அன்றைக்கு, என் இடுப்பில் உட்கார்ந்து உனக்குக் கையாட்டினானே, ஞாபகமிருக்கிறதா? நீ அங்கேயே கண்ணை மூடினாய், அங்கேயே அடக்கமும் ஆனாய். பாஸ்போர்ட்டு, விசா என்று ஆயிரம் கெடுபிடி. கடைசியாக உன் முகத்தைப் பார்க்கக்கூட எங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

நம் தெரு வழக்கம் உனக்குத் தெரியாததா? ஆம்பளைகள் எல்லாரும் கடலுக்கு அந்தப் பக்கம். பெருநாளுக்குக் கொழும்புப் பார்சல் வந்து சேராத வீட்டில், இங்கேயே எதையாவது வாங்கி, "வாப்பா அனுப்புனாக" என்று பிள்ளை கையில் கொடுத்துவிடுவார்கள். நானும் அதையேதான் செய்தேன். வாப்பா என்று சொல்லுகிற இடத்தில் உம்மா என்று சொன்னேன், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வரைக்குமாவது, தாயில்லாத பிள்ளை என்பது அவனுக்குத் தெரியவேண்டாம் என்று நினைத்தேன். அது தப்பா லாத்தா?

ஆனால் உன் பேரில் ஒரு விளையாட்டுச் சாமான் வாங்குவது லேசுப்பட்ட காரியமா? சாவி கொடுத்தால் மேளம் கொட்டும் குரங்கு பொம்மையை மச்சான் அனுப்பியபோது, "பிள்ளை சும்மா பாத்துக்கிட்டு உக்காரவா? அவன் கையும் புத்தியும் வேலை செய்யிறாப்புல ஒண்ணு வாங்கக் கூடாதா?" என்று குதித்தவளாயிற்றே நீ. அதனால் முதல் பெருநாளுக்கு, பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கும் மரவளையங்கள் வாங்கினேன். அடுத்ததற்கு, சேர்த்து வைத்தால் யானை வரும் படக்கட்டைகள். தும்பிக்கையை வால் பக்கம் வைத்துவிட்டு, அதுதான் சரி என்று என்னோடு மல்லுக்கு நின்றான் உன் மகன்.

இந்தப் பெருநாளுக்காக, தோளில் தூங்கும் அவனையும் சுமந்துகொண்டு பஸ் ஏறி ராமநாதபுரம் போனேன். கடைக்காரர் தகர மோட்டார் காரை எடுத்துப்போட்டார், ஊதலை எடுத்துப்போட்டார். ஒவ்வொன்றுக்கும், இதில் பிள்ளை என்னத்தைக் கற்றுக்கொள்ளும் என்று கேட்டேன். பெருநாளுக்குச் சாமான் வாங்க வந்தீர்களா, பள்ளிக்கூடம் நடத்த வந்தீர்களா என்று அந்த மனுஷர் கேலி பண்ணினார். நானும் விடவில்லை. கடைசியில் ஒரு மணிச்சட்டத்தை எடுத்தேன், கம்பிகளில் கலர் கலராக மணி கோத்தது. அவன் இன்னும் எதைக் கண்டாலும் வாயில் வைக்கிறவன் என்பதால், சாயம் போகிறதா என்று ஒவ்வொரு மணியையும் முந்தானையில் தேய்த்துப் பார்த்துத்தான் வாங்கினேன்.

பெருநாள் காலையில் அதை அவன் கையில் கொடுத்தேன். "உம்மா அனுப்புனாகளா சாச்சி?" என்று கேட்டான். ஆமாம் என்று கண் சிமிட்டாமல் சொன்னேன். சமர்த்தாகத் தலையாட்டிவிட்டு மணிகளைத் தள்ளி எண்ண ஆரம்பித்தான். ஆறு வரைக்கும் ஒழுங்காக வந்தான், அப்புறம் ஒரே தாவாக ஒன்பதுக்குப் போனான். எனக்கு ஒரே பெருமை.

மத்தியானம் நெய்ச்சோற்றைத் தம்மில் போட்டுவிட்டு அடுப்படியில் நின்றேன். அடுத்த அறையில் அவனும் பக்கத்து வீட்டு ரகுமத்தும் மணிச்சட்டத்தோடு விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவளும் அவன் வயசுதான். திடீரென்று அவள் கேட்டாள்:

"ஒங்க உம்மாதான் மவுத்தாயிட்டாகளே, பொறகு எப்புடி அனுப்புவாக?"

ஓடிப்போய் அவள் வாயைப் பொத்தத் தோன்றியது. அதற்குள் உன் மகன் குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

"மெதுவாப் பேசு. சாச்சிக்கு அது தெரியாது. தெரிஞ்சா அழுவாக."

யா அல்லாஹ்! நாலு வயசு, லாத்தா. பால்பல் இன்னும் விழவில்லை. இவனுக்கு யார் சொன்னது, எப்போது சொன்னது? நான் ஏதோ சாமர்த்தியமாக மறைக்கிறேன் என்று இருந்தேனே. எனக்கு மனசு நோகக் கூடாதென்று, உம்மா அனுப்பினார்களா என்று வாய் நிறையக் கேட்டிருக்கிறான். இதை மனசில் வைத்துக்கொண்டு எத்தனை ராத்திரி என் பக்கத்தில் படுத்திருப்பான்?

ரகுமத் வீட்டுக்குப் போன பிறகு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். "காசிமு, உம்மா மவுத்தானது எனக்கும் தெரியும் தங்கம்" என்றேன்.

அவன் முகம் சுண்டிப்போனது. "ஒங்கள்ட்ட யாரு சொன்னா?" என்று கோபமாகக் கேட்டான். சொன்னவரைப் போய் அடிப்பான் போலிருந்தது.

அவ்வளவுதான், அவன் எதிரில் இத்தனை நாள் அழாத அழுகையெல்லாம் வந்துவிட்டது. புதுச்சட்டையின் நுனியை இழுத்து என் கண்ணைத் துடைத்துவிட்டான். மணிச்சட்டத்தை வாங்கியது நான்தான் என்று சொன்னேன், அதை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் என் மடியில் கிடந்தான். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான்:

"அப்ப இனிமே உம்மாவப் பத்திப் பேசலாமா சாச்சி?"

பேசலாம் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், லாத்தா. உனக்கும் கொடுக்கிறேன். இனி உன் பேரைச் சொல்லி ஒரு சாமான்கூட இந்த வீட்டுக்குள் வராது. நீ எப்படிச் சிரிப்பாய், எதற்கெல்லாம் சண்டை பிடிப்பாய் என்று அவன் கேட்கிறபோதெல்லாம், அழுகை வந்தாலும் அழுதுகொண்டே சொல்லுவேன்.

உன் மகனைப் பெறாமல் பெற்ற,
உன் தங்கச்சி மைமூன்