வட்டமாகப் போட்ட கையெழுத்து

அன்புள்ள அக்கா,

எங்கள் குடியிருப்புக் கூரைகளில் சூரியத் தகடுகள் வைக்கக் கேட்டிருந்த நிதி கிடைக்கவில்லை. ஐந்து தெருச் சங்கங்கள் சேர்ந்து விண்ணப்பித்தோம். படிவத்தில் தலைமைச் சங்கம் என்ற கட்டத்தில் ஒரு சங்கத்தின் தலைவர்தான் கையெழுத்திட வேண்டும். "அவங்க தலைன்னா நாங்க என்ன வாலா?" என்றார் பக்கத்துத் தெருச் சங்கத் தலைவரான தையல்காரர். யார் மனமும் கோணக்கூடாதென்று ஐந்து தலைவர்களையும் வட்டமாகக் கையெழுத்திட வைத்தவள் நான்தான். பொறுப்பேற்க ஒருவரும் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நேற்றும் மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லை. அப்பாவின் மூச்சுக் கருவி நின்றுபோனது. அம்மாவும் நானும் மாறி மாறி விசிறினோம்.

"அடுத்த வருஷம் கேட்டா குடுத்துடுவாங்கல்ல?" என்றார் அப்பா. கொடுப்பார்கள் என்றேன்.

விடுமுறைக்குக் காத்திருக்காதே. இந்த மாதமே வா.

உன் தங்கை