புழுக்கை வாத்தியாருக்கு வந்த காய்ச்சல்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது,

இங்கே நாங்கள் எல்லோரும் நலம். போன மாதம் இதே வரியை எழுதியிருந்தால் பச்சைப் பொய்யாக இருந்திருக்கும், அதனால்தான் போன மாதம் எழுதவே இல்லை. நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே கத்த ஆரம்பிப்பாய், கடிதத்தைப் பார்த்துக் கத்தினால் எனக்குக் கேட்காது. அப்பா வேலையாக வெளியூர் போயிருக்கிறார், அங்கே டவர் கிடைக்காது என்று நானும் உன் தம்பியும் மாறி மாறிச் சொன்னோமே, அந்த வெளியூர் பெரிய ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடிதான். பயப்படாதே கண்ணு, இப்போது அவர் பக்கத்து அறையில் உட்கார்ந்து, நான் என்ன எழுதுகிறேன் என்று தெரிந்துகொள்ள இருமிக்கொண்டிருக்கிறார். அது சும்மா இருமல்.

நீ வேலைக்குப் போன பிறகு, மரம் வளர்க்கும் கம்பெனியில் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கிற பொறுப்பு உன் அப்பா தலையில் விழுந்தது. மரம் நடுகிறவர்கள், வெட்டுகிறவர்கள், டிராக்டர் ஓட்டுகிறவர்கள் எல்லோரையும் உட்கார வைத்து, வெளியில் வேலை செய்கிறவர்களுக்கு விலங்குகளிடமிருந்து என்னென்ன தொற்றும் என்று பாடம் எடுப்பார். வெறிநாய், வௌவால், உண்ணி எல்லாம் உண்டு, ஆனால் அவருடைய சிறப்புப் பாடம் எலிதான். பூட்டிக் கிடந்த கொட்டகையைத் திறந்ததும் உள்ளே பாயாதே, காற்று ஓடவிடு, எலிப் புழுக்கையை உலர்ந்தபடி பெருக்காதே, தூசியோடு வைரஸ் மூக்குக்குள் போய்விடும், கையுறையும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு பிளீச்சிங் தண்ணீர் தெளித்து, ஊறவிட்டு, ஈரத் துணியால் எடு. இதைச் சொல்லிச் சொல்லியே ஆட்கள் அவருக்குப் 'புழுக்கை வாத்தியார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவருக்குக் கோபம் வரவில்லை, பெருமை வந்தது.

ஒரு நாள் காலையில், பயிற்சிக்குக் கொண்டுபோக வேண்டிய பெட்டி நம் வீட்டுப் பின்னால் இருக்கிற தகரக் கொட்டகையில் கிடப்பது ஞாபகம் வந்து ஓடினார். மழைக்காலம் முழுக்கப் பூட்டிக் கிடந்த கொட்டகை. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள், நம் வீட்டு எலிகள் மொத்தக் கொட்டகையையும் வளைத்துப் போட்டிருக்கின்றன. பெட்டிக்குப் போக வழியில்லை என்று விளக்குமாற்றை எடுத்து விறுவிறுவென்று பெருக்கித் தள்ளிவிட்டு, தலையெல்லாம் தூசியாகத் தும்மிக்கொண்டே வந்தார். கையில் பெட்டி, பெட்டி நிறைய மாஸ்க். தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த நான், மாஸ்க் போட்டீங்களா என்று கேட்டேன். "அதை எடுக்கத்தானே போனேன்" என்று சொல்லிவிட்டு, ஊருக்கு உபதேசம் செய்யக் கிளம்பிவிட்டார்.

சில வாரம் ஒன்றுமில்லை. பிறகு காய்ச்சல், தொடையிலும் இடுப்பிலும் அடித்துப் போட்டது போல வலி. வெயிலில் நின்றது என்றார். தெருமுனை டாக்டர் மாத்திரை கொடுத்தார். காய்ச்சல் கொஞ்சம் விட்டதும் இருமல் பிடித்தது, அப்புறம் மூச்சு. மூச்சுவிடாமல் பேசுகிற மனிதர், ஒரு வாக்கியத்தை முடிக்க மூன்று தடவை நிறுத்தினார். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்த டாக்டர் பெண், உன் வயசுதான் இருக்கும், காட்டில் வேலையா, எலி வௌவால் பக்கம் ஏதாவது போனீர்களா என்று கேட்டாள். கட்டிலைச் சுற்றி டிராக்டர் டிரைவரும் இன்னும் இரண்டு ஆட்களும் நிற்கிறார்கள், எல்லோரும் இவரிடம் பாடம் கேட்டவர்கள். உன் அப்பா சீலிங் ஃபேனைப் பார்த்துக்கொண்டு, "இல்லீங்க டாக்டர், நாங்க எல்லாம் முறைப்படிதான்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து வெளியாள் முன்னால் அவர் பேச்சை நான் மறுத்ததில்லை, வீட்டுக்குள் மறுக்கவே எனக்கு நேரம் போதவில்லை. ஆனால் அவர் உதடு நீலம் பாய ஆரம்பித்திருந்தது. மானம் போனால் திரும்பி வராது என்கிறார்கள், உயிர் மட்டும் வந்துவிடுமா? "டாக்டர், இவரு எங்க வீட்டுக் கொட்டகைல எலிப் புழுக்கைய அப்படியே பெருக்கினாரு, மூஞ்சில ஒரு துணிகூட கட்டல" என்று போட்டு உடைத்துவிட்டேன். டிராக்டர் டிரைவர் தரையைப் பார்த்தார். உன் அப்பா என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன்.

உடனே ரத்தம் எடுத்து மாடியில் ஐசியூவுக்கு மாற்றினார்கள். எலியிடமிருந்து தொற்றுகிற ஹான்டா வைரஸ் என்று உறுதியானது. இதற்கென்று தனி மருந்து கிடையாதாம், உடம்பு போராடி ஜெயிக்கிற வரைக்கும் மூச்சைத் தாங்கிப் பிடிக்க வேண்டுமாம். "நல்ல வேளை இப்பவே சொன்னீங்கம்மா, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா கைமீறிப் போயிருக்கும்" என்றாள் அந்தப் பெண். அப்புறம் அவருக்குப் பதிலாக ஒரு மெஷின் மூச்சுவிட்டது. கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன் கண்ணு. எழுந்து வந்து நாள் முழுக்க எனக்குப் பாடம் எடுங்க, குறுக்கே பேச மாட்டேன் என்று மனசுக்குள் சத்தியம் பண்ணினேன். அவர் எழுந்து வந்துவிட்டார், சத்தியம் ஒரு வாரம் தாங்கியது.

அவர் வீடு திரும்புவதற்கு முன்னால், அன்றைக்குக் கட்டிலைச் சுற்றி நின்ற அந்த மூன்று பேரும் வந்து கொட்டகையைச் சுத்தம் செய்தார்கள். மாஸ்க், கையுறை, பிளீச்சிங் தண்ணீர், ஊறவிட்டு ஈரத் துணி, ஒரு எழுத்து பிசகவில்லை. உன் அப்பாவின் பாடம் வீண்போகவில்லை, வாத்தியார் ஒருவரைத் தவிர வகுப்பே பாஸ்.

ரோட்டுக்கு அளவெடுக்கப் போகிற இடத்தில் பூட்டிக் கிடந்த குடிசையில் தங்குகிறோம், குட்டிக் குட்டி எலி ஓடுகிறது, பார்க்க அழகாயிருக்கிறது என்று நீ போனில் சிரித்தாயே, அன்றைக்கே எழுத நினைத்த கடிதம் இது. அழகை எட்ட நின்று ரசி. சாப்பாட்டை மூடி வை, தரையில் படுக்காதே, காய்ச்சல் வந்தால் எங்கே தங்கினாய் என்பதை டாக்டரிடம் முதலில் சொல். கௌரவம் பார்க்கிற புத்தி உனக்கு யாரிடமிருந்து வந்தது என்று இப்போது எனக்குச் சந்தேகமே இல்லை.

போன வாரம் அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடி மறுபடி பாடம் எடுத்தாராம், டிராக்டர் டிரைவர் வந்து சொன்னார். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரு இப்படித்தான் கொட்டகையப் பெருக்கினாரு" என்று ஆரம்பித்து, காய்ச்சல், மூச்சு, மெஷின் எல்லாம் சொல்லியிருக்கிறார். யாரும் சிரிக்கவில்லையாம். கடைசியில் டிரைவர் எழுந்து, "இப்ப அவரு நல்லாருக்காரா சார்?" என்று கேட்டிருக்கிறார். உன் அப்பா கொஞ்ச நேரம் தண்ணீர் குடித்தாராம். அப்புறம், "இருக்காரு. அவரு பொண்டாட்டிக்கு வாய் கொஞ்சம் நீளம், அதனால இருக்காரு" என்றாராம்.

நீண்ட ஆயுளோடும் திடமான உடம்போடும் நன்றாக இரு கண்ணு. அப்பாவைத் திட்டப் போன் செய்வதானால் சுருக்கமாகத் திட்டு, பதில் சொல்கிற அளவுக்கு அவருக்கு மூச்சு இன்னும் சேரவில்லை.

இப்படிக்கு,
வாய் நீளமான உன் அம்மா